பதினாலு நாள் சர்வீஸ்

கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரி. மே மாதம், மதியம் மூன்று மணி. மோட்டார் பம்பு பாகங்களை வார்க்கும் இடம். வேறு ஏதோ எழுதுவதற்காகப் போயிருந்தேன். நுழைந்த இரண்டாவது நிமிடமே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேர் லேடில் என்ற வார்ப்புக் கரண்டியைத் தூக்கிவந்து, வரிசையாக இருந்த மண் அச்சுகளில் இரும்புக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் இருவருக்கும் ஒரே வேலை, ஒரே புழுதி, ஒரே வேர்வை. கிட்டே போனபோதுதான் கழுத்தில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. ஒருவருக்கு நீலம், இன்னொருவருக்குப் பச்சை. நீலம் என்றால் கம்பெனி ஆள். பச்சை என்றால் ஏஜென்சி ஆள்.

பச்சை அட்டை ஒடிசாவிலிருந்து வந்த பையன். இருபது வயது தாண்டியிருக்காது. நாலைந்து முறை ஊற்றிவிட்டு வந்தவன் சுவரோரம் குந்தினான். வாந்தி எடுத்தான். பிறகு எழுந்து, யாரும் கூப்பிடாத ஒரு திசையில் நடக்க ஆரம்பித்தான். நீல அட்டைக்கார அண்ணன்தான் ஓடிப்போய்ப் பிடித்து, வாசல் பக்கம் நிழலுக்கு இழுத்துவந்து, இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தார்.

“புதுப் பையனாங்க?” என்று கேட்டேன்.

“எங்கீங்க புதுசு? ஒரு வருசமா எங்கூடத்தான் ஊத்தறான். ஏஜென்சியில பிரேக் குடுத்து ஊருக்கு அனுப்பிச்சிருந்தாங்க. ஒரு மாசங்கழிச்சு இன்னிக்குத்தான் உள்ள வந்தான்.”

அதன் பிறகு நடந்தது, இந்த நாட்டில் எந்தத் தொழிற்பேட்டை வாசலிலும் நடப்பதுதான். சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார். “அவங்க ஆளு. ஏஜென்சிக்குச் சொல்லியாச்சு” என்றார். ஏஜென்சிக்காரர் பைக்கில் வந்தார். “உள்ள நடந்ததுக்கு நாங்க என்ன சார் பண்றது? கம்பெனியிலதான் கேக்கணும்” என்றார். ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, ஆட்டோவுக்கு யார் கொடுப்பது என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. அன்றைக்கு அரை நாள் கூலி பிடித்தம் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். எனக்கு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. ஒரு வருடம் அதே உலைக்கு முன்னால் நின்ற உடம்பு, ஒரே மாதத்தில் எப்படி எல்லாவற்றையும் மறந்துபோனது?

மனித உடம்பை ஓர் இயந்திரமாகப் பார்த்தால் அது ரொம்பச் சுமாரான இயந்திரம். தசைகள் எரிக்கும் ஆற்றலில் அதிகம் போனால் நாலில் ஒரு பங்குதான் வேலையாக வெளியே வருகிறது. மிச்சமெல்லாம் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பழைய குண்டு பல்பு அளவுக்கு, சுமார் 100 வாட், சூட்டை வெளியிடுகிறோம். லேடில் தூக்குகிறவர் 400, 500 வாட் வெளியிடுவார். சுற்றியுள்ள காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும் இடத்தில் இந்தச் சூட்டைத் தள்ள ஒரே ஒரு வழிதான் உண்டு. வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியானால்தான். சொட்டிக் கீழே விழும் வேர்வையால் தரைக்குத்தான் லாபம். சென்னைப் புழுக்கத்தில் நனைந்த சட்டையோடு நிற்கிறவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் தோலில் இருபது லட்சம் முதல் நாற்பது லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் உண்டு. அவை பிறவியிலேயே முழுத் திறமையோடு இருப்பதில்லை, வேலை கற்றுக்கொள்கின்றன. எனக்கு ஆச்சரியம் இங்கேதான்.

சூட்டில் வேலை செய்து பழகாத ஒருவர் முதல் நாள் உள்ளே போகிறார். இதயத்துக்கு இரண்டு எஜமான்கள். தசை ரத்தம் கேட்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலும் ரத்தம் கேட்கிறது. இருப்பதோ ஐந்து லிட்டர் ரத்தம். இரண்டு பக்கமும் ஈடுகொடுக்க இதயம் தாறுமாறாக அடிக்கிறது. வேர்வை தாமதமாகத் தொடங்குகிறது, குறைவாக வருகிறது, உப்புக் கரிக்கிறது. உப்பும் நீரும் ஒன்றாக வெளியேற, தலை சுற்றுகிறது.

மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் உடம்பு முதல் காரியத்தைச் செய்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கூட்டுகிறது. இப்போது பங்கிட்டுக் கொடுக்க இதயத்திடம் சரக்கு இருக்கிறது, துடிப்பு இறங்குகிறது. ஒரு வாரம் ஓடியதும் சுரப்பிகள் முந்திக்கொள்கின்றன. உள்சூடு ஏறும் முன்பே வேர்வை வந்துவிடுகிறது, நிறையவும் வருகிறது. அதோடு வேர்வையின் ருசியே மாறுகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சொல்லச் சொல்ல, சுரப்பிகள் உப்பைத் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொண்டு உப்புக் குறைந்த நீரை வெளியே விடுகின்றன. பழைய ஆள் வேர்வையில் கரிப்பு குறைவு என்று ஃபவுண்டரிக்காரர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல. செல்களுக்குள் இன்னும் நுட்பமான வேலை நடக்கிறது. சூட்டில் உருக்குலையும் புரதங்களுக்கு முட்டுக்கொடுக்கவென்றே தனியாகச் சில புரதங்கள் தயாராகின்றன.

ஏழிலிருந்து பதினாலு நாள். அதற்குள் அதே ஆள், அதே உலை, அதே லேடில். ஆனால் உள்சூடு முன்பைவிடக் குறைவு, இதயத் துடிப்பும் கணிசமாகக் குறைவு. உடம்பு பெர்மனன்ட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பெர்மனன்ட் உத்தரவுக்கு ஆயுள் குறைவு. சூட்டை விட்டு விலகி ஒரு வாரம் இருந்தால் கொஞ்சம் தேயும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய கணக்கு துடைக்கப்பட்டுவிடும். மறுபடி கற்பது முதல் முறையைவிட வேகமாக நடக்கும், அவ்வளவுதான். “ஒடிசாவில் இல்லாத வெயிலா?” என்று சூப்பர்வைசர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விபோல் தெரியும். ஆனால் வெயில் ஊரில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பது ஒன்று. 1,400 டிகிரி இரும்புக்குப் பக்கத்தில் பாரம் தூக்குவது வேறொன்று. எந்த வேலையை எந்தச் சூட்டில் செய்கிறோமோ அதற்குத்தான் உடம்பு பழகும். ஊரைப் பார்த்துப் பழகாது.

இதெல்லாம் எங்கே, யார் உடம்பை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டது என்று தேடிப்போனபோதுதான் விஷயம் பெரிதானது. விடை ஒரு தங்கச் சுரங்கத்தில் இருந்தது. அந்தச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பியது ஓர் ஏஜென்சி.

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் 1886-ல் தங்கம் கிடைத்தது. தாது மட்டமானது. டன் கணக்கில் பாறையை உடைத்தால் சில கிராம் தேறும். ஆகவே ஆயிரக்கணக்கில், பிறகு லட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும், அதுவும் குறைந்த கூலிக்கு வேண்டும். சுரங்க முதலாளிகள் தனித்தனியாக ஆள் பிடித்தால் ஒருவருக்கொருவர் போட்டி வந்து கூலி ஏறிவிடும். எனவே அவர்களுடைய சங்கமே ஏஜென்சி தொடங்கியது. 1900-ல் உருவான விட்வாட்டர்ஸ்ராண்ட் நேட்டிவ் லேபர் அசோசியேஷன் மொசாம்பிக், நியாசாலாந்து (இன்றைய மலாவி) என்று வெளியே ஆள் எடுத்தது. இதை ஆப்பிரிக்கக் கிராமங்களில் ‘வெனேலா’ என்றார்கள். 1912-ல் வந்த இன்னொரு நிறுவனம் உள்நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் எடுத்தது. எந்தச் சுரங்கமும் சராசரியாக இவ்வளவுக்கு மேல் கூலி தரக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் மாதக் கணக்கில். முடிந்ததும் ஊர். பிறகு மறுபடி கைநாட்டு, மறுபடி ரயில். தங்குமிடம், வேலிக்குள் அடைத்த ‘காம்பவுண்டு’. ஒப்பந்தம் முடியும் முன் வேலையை விட்டு ஓடினால் அது குற்றம். பிடித்து உள்ளே போடலாம். ஏஜென்சி அழைத்துவந்த வெப்பமண்டலத்து ஆட்கள் நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் சாகவே, தெற்கு அட்சரேகை 22 டிகிரிக்கு வடக்கே ஆள் எடுக்கக் கூடாது என்று 1913-ல் அரசே தடை போட வேண்டியிருந்தது. நிமோனியாத் தடுப்பூசியைப் பெரிய அளவில் முதன்முதலாகப் பரிசோதித்ததும் இதே ஒப்பந்தத் தொழிலாளர்களிடம்தான், 1911-ல்.

சுரங்கம் ஆழமாக ஆக, சூடு வந்து சேர்ந்தது. அங்கே ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பாறையின் சூடு சுமார் பத்து டிகிரி ஏறும். மேலிருந்து அனுப்பும் காற்றும் இறங்க இறங்க அழுந்திச் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுமே, அதே சங்கதிதான். இவற்றுக்கு மேல் ஒரு விபரீதம். துளையிடும் இயந்திரம் கிளப்பிய சிலிக்கா தூள் நுரையீரலைக் கல்லாக்கியது. தூசியை அடக்கத் தண்ணீர் தெளித்தார்கள். தூசி அடங்கியது, காற்றில் ஈரம் தளும்பியது. ஈரக் காற்றில் வேர்வை ஆவியாகாது. நுரையீரலைக் காப்பாற்ற ஊற்றிய தண்ணீர், வேர்வையின் வழியை அடைத்துவிட்டது. 1924-ல் சிட்டி டீப் என்ற சுரங்கத்தில் வெப்பத்தாக்கால் சாவுகள் விழுந்தன.

செத்தவர்கள் பெரும்பாலும் புதியவர்கள் என்பது மருத்துவர்களின் கண்ணில் பட்டது. ஏ. ஓ. ட்ரெயோஸ்டி என்ற சுரங்க மருத்துவர், சூடேற்றிய ஈர அறை ஒன்றைக் கட்டினார். புதிதாக வந்தவர் அதற்குள் ஒரு மணி நேரம் பாறைத் துண்டுகளை மண்வாரியால் அள்ளிப் போட வேண்டும். அள்ளுவதற்கு முன்னும் பின்னும் வாயில் வெப்பமானி. யாருக்குச் சூடு அதிகம் ஏறுகிறதோ அவருக்கு நீண்ட பழக்கம். ஏறாதவருக்குக் குறைந்த நாள். இதை அவர் 1935-ல் வெளியிட்டார். பிறகு 1950-களிலும் 60-களிலும் சி. எச். விண்டம், என். பி. ஸ்ட்ரைடம் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் துல்லியமான விஞ்ஞானமாக்கினார்கள். பெரிய கூடத்தில் நீராவியும் சூடும். வரிசை வரிசையாக ஆண்கள், இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு, ஒரு படிமேடையில் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறார்கள். தினம் நாலு மணி நேரம், எட்டு நாள். நடுநடுவே காய்ச்சல் பார்ப்பார்கள். எட்டாம் நாள் முடிந்ததும் நேரே பூமிக்கடியில்.

ரத்தத்தில் நீர் கூடுவது, துடிப்பு இறங்குவது, வேர்வை முந்துவது என்று நான் மேலே எழுதியவற்றில் பலவும் இந்தக் கூடங்களிலும் அளக்கப்பட்டவை. இன்று ராணுவமும் ஒலிம்பிக் ஓட்டக்காரர்களும் பயன்படுத்தும் பயிற்சி முறைகளுக்கு இதுவும் ஒரு தாய்வீடு. ஊர் பெயர் தெரியாத ஒப்பந்தக் கூலிகள் ஏறி இறங்கிய படிகள் அவை.

இதைக் கருணை என்று நினைத்துவிட வேண்டாம். தென்னாப்பிரிக்கப் பொருளாதார அறிஞர் பிரான்சிஸ் வில்சன் 1972-ல் வெளியிட்ட கணக்குப்படி, கறுப்பினச் சுரங்கத் தொழிலாளரின் கூலி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 1911-ல் இருந்ததைவிட 1969-ல் கூடவில்லை. ஏறக்குறைய அறுபது வருடம்! உடம்பை இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள் வயிற்றை அளக்கவில்லை. அப்படியானால் எட்டு நாள் வேலை வாங்காமல் படி ஏற வைத்தது எதற்கு? ஆயிரம் மைல் தாண்டி ரயில் செலவு போட்டுக் கொண்டுவந்த ஆள் மூன்றாம் நாள் செத்துப்போனால் நஷ்டம். ஏஜென்சியும் சுரங்கமும் ஒரே முதலாளிகளின் இரண்டு கைகள். ஆள் செத்தால் அந்த நஷ்டம் ஒரே பணப்பையில் விழுந்தது. அதனால்தான் அந்தப் பை யோசித்தது.

இப்போது கோவை வாசலுக்குத் திரும்புங்கள். இங்கே பைகள் இரண்டு. ஏஜென்சிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பச்சை அட்டை ஒன்று விழுந்தால் இன்னொன்று அனுப்பலாம். கம்பெனிக்கு அது ஆளே இல்லை, ‘மேன்பவர் சப்ளை’ என்று பில்லில் ஒரு வரி. பையன் மயங்கி விழுந்த நஷ்டம் இரண்டு பைக்கும் நடுவில், தரையில் விழுந்தது. மிகக் கொடூரமான ஓர் அமைப்பு தன் லாபத்துக்காகச் செய்த கணக்கைக்கூட இங்கே போட ஆளில்லை.

கூலியாட்களின் உழைப்பின் மேல் விஞ்ஞானம் நின்றதற்கு நம் பக்கத்து உதாரணத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. கோலார் தங்க வயல். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தோண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் வடஆற்காடு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள்; அங்கும் ஒப்பந்ததாரர் வழியே வந்த கூலிகள் ஏராளம். 1965-ல் இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில் வைத்த கருவிகள், வளிமண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்துவரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடித்தன. அதே வருடம், தென்னாப்பிரிக்காவில் போக்ஸ்பர்க் அருகே ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியிலும் அமெரிக்க இயற்பியலாளர் பிரெடரிக் ரைன்ஸின் குழு அதையே பிடித்தது. உலகத்தில் முதன்முதலாக அந்த நியூட்ரினோக்கள் சிக்கிய இரண்டு குழிகளும் கூலியாட்கள் வெட்டிய குழிகள். இயற்பியல் புத்தகங்கள் ஆழத்தைக் குறிக்கின்றன. வெட்டியவரை யாரும் குறிப்பதில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை 2012, 2013 ஆண்டுகளில் தான் நடவடிக்கை எடுத்த வெப்ப விபத்துகள் இருபதைப் புரட்டிப் பார்த்தது. அவற்றில் 13 சாவு. 13 பேரில் 9 பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று நாளுக்குள் இறந்தவர்கள். அந்த 9 பேரில் 4 பேருக்கு அது முதல் நாள். அந்த இடங்களில் மிக அதிகமாக விடுபட்டிருந்தது, புதியவரைச் சூட்டுக்குப் பழக்கும் திட்டம்தான். அதே 2013-ல் அந்தத் துறை ஏஜென்சித் தொழிலாளர்களுக்கென்று ஒரு தனி முயற்சியைத் தொடங்கி, ஆள் அனுப்புகிறவர், ஆளை வைத்துக்கொள்கிறவர் இருவருமே கூட்டுப் பொறுப்பு என்று சொன்னது. காரணம் எளிது. ஏஜென்சி ஆள் என்றைக்கும் புது ஆள். இன்று இந்தக் கம்பெனி, அடுத்த மாதம் வேறு கம்பெனி. ஒவ்வொரு வாசலிலும் அவருக்கு முதல் நாள்.

தமிழ்நாட்டில் இந்த ‘முதல் நாள்’ திரும்பத் திரும்ப வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் இங்கே ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஏஜென்சி வழியாக வந்தவருக்கு அது பொருந்துமா என்பதை நீதிமன்றப் படி ஏறித்தான் கேட்க வேண்டும்; அந்தப் படிவரைகூட விடுவதில்லை. எண்ணிக்கை ஏறும் முன் ‘பிரேக்’. எதற்கு பிரேக் என்று யாரும் எழுத்தில் தருவதில்லை. தொழிற்பேட்டை டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். சர்வீஸ் ரிஜிஸ்டரை அழிக்கக் கொடுக்கும் அதே ஒரு மாதம்தான் வேர்வைச் சுரப்பியின் ரிஜிஸ்டரையும் அழிக்கிறது. ஒரு வருடம் உலை முன் நின்றவன் காகிதத்திலும் புது ஆள், உடம்பிலும் புது ஆள். அந்த ஒடிசாப் பையனைப் பற்றிய என் கேள்விக்கு விடை இதுதான்.

இது ஓரத்தில் கிடக்கும் சங்கதி அல்ல. பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் இன்று ஐந்து தொழிலாளரில் இருவர் ஒப்பந்தத் தொழிலாளர்.

பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் சொல்லாமல் இல்லை. 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் குடிநீர், ஓய்வறை, கழிப்பறை, முதலுதவி எல்லாவற்றையும் ஒப்பந்ததாரர் தர வேண்டும் என்றது. அவர் தராவிட்டால் கம்பெனி தந்துவிட்டுச் செலவை அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது. 1978-ல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றின் 29 தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு படி மேலே போனார். யாருடைய தொழிலுக்காக உழைக்கிறார்களோ அவரே உண்மையான முதலாளி, நடுவில் நிற்கும் ஒப்பந்ததாரர் ஒரு திரை என்றது அந்தத் தீர்ப்பு. 2001-ல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, ஒப்பந்த முறையை அரசு தடைசெய்தாலும் ஒப்பந்தத் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று கதவைப் பாதி சாத்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடிநீர், ஓய்விடம் போன்ற நல வசதிகளை நேரடியாகவே கம்பெனியின் தலையில் வைக்கிறது. இருக்கட்டும். ஆனால் இந்தச் சட்டங்களில் எதுவும் உடம்பின் பதினாலு நாளை எண்ணவில்லை. தண்ணீர் கொடு என்கிறது. முதல் நாள் பாரத்தைக் குறை என்று சொல்லவில்லை.

எவ்வளவு குறைப்பது? இதற்கு விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு இது. புது ஆளுக்கு முதல் நாள், சூட்டில் செய்யும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும். அடுத்த நாள் இன்னொரு பங்கு. ஐந்தாம் நாள் முழு வேலை. வேலை தெரிந்து விடுப்பில் போய்த் திரும்பியவருக்கு முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள் முழுசு. நாலு நாள் சமாளிப்பதற்கு எந்த ஃபவுண்டரியும் மூடப்போவதில்லை.

வெப்பத்தாக்கில் இன்னொரு குரூரம் உண்டு. உள்சூடு நாற்பது டிகிரியைத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது மூளை. தனக்கு ஏதோ ஆகிறது என்று அறிவிக்க வேண்டிய உறுப்பே முதலில் வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. பேச்சு குழறும், கோபம் வரும், சம்பந்தமில்லாத பக்கம் நடப்பார். “எனக்கு ஒண்ணுமில்ல” என்றும் சொல்வார். அதை அவர் உண்மை என்றே நம்புவார். ஆகவே வெப்பத்தாக்கைக் கண்டுபிடிக்கச் சிறந்த கருவி பக்கத்து ஆள். இவன் எப்போதும் இப்படிப் பேச மாட்டானே, இப்படி நடக்க மாட்டானே என்று தெரிந்த ஆள்.

ஏஜென்சி முறை முதலில் கலைப்பது இந்தப் பக்கத்து ஆளைத்தான். கேன்டீனில் தனி வரிசை, தனி பஸ், தனி நிற அட்டை. பெயர் தெரியாது. “டேய் பச்சை” என்றுதான் கூப்பிடுவார்கள், அதை நானே காதால் கேட்டேன். மாதத்துக்கு மாதம் முகம் மாறும் இடத்தில், யாருடைய நடை எப்படி இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று தாகத்தோடு நிற்கும் பெண்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். முகம் சுளிக்கும் ஒரு சூப்பர்வைசர் ஒரு தம்ளர் தண்ணீரைத் தடுத்துவிட முடியும். அவமதிப்பும் அங்கே ஒரு வெப்பக் காரணிதான்.

அன்று பையனைக் காப்பாற்றியது, நீல அட்டை அண்ணனுக்கு ஒரு வருடமாக அவன் நடை தெரிந்திருந்ததுதான். அவர் செய்த முதலுதவியும் மருத்துவப் புத்தகப்படி சரியானது. வெப்பத்தாக்கில் முதல் அரை மணி நேரம்தான் எல்லாம்; அதற்குள் உடம்பைக் குளிர்வித்தால் பெரும்பாலும் பிழைப்பார்கள், தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் மூளையும் ஒவ்வொன்றாகப் போகும். ஆட்டோவுக்கு யார் கொடுப்பது என்று வாசலில் பேச்சு ஓடியதும் சரியாக அதே அரை மணி நேரம்தான். தண்ணீர்க் கேன் மட்டும் முன்பே கவிழ்ந்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையின் மூன்றாவது பத்தி வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஃபவுண்டரி இல்லை. ஆனால் அடுக்கக வாசலில் செக்யூரிட்டி இருக்கிறார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஏஜென்சி ஆள். அவரைப் பொறுத்தவரை நீங்களும் உங்கள் குடியிருப்போர் சங்கமும்தான் அந்தக் ‘கம்பெனி’. சித்திரை வெயிலில் இடத்துக்கு இடம் ஆளை மாற்ற வேண்டாம் என்று ஏஜென்சியிடம் சங்கம் சொல்லலாம். கமிஷன் தருகிறவர் சொன்னால் கேட்பார்கள். புது முகம் வந்தால் முதல் வாரம் மட்டுமாவது வெயில் நேர வேலையைக் குறைத்து, நாற்காலியை நிழலுக்கு நகர்த்துங்கள். கழிப்பறைச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லிவைத்தால் தண்ணீர் தைரியமாகக் குடிப்பார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு மாறினால் தெரியும். ஒரு நாள் மதியம் அவர் குழறினால், நிழலில் படுக்கவைத்து, தலை, கழுத்து, அக்குள் எல்லாம் நனையத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ஏஜென்சிக்குப் போன் போடுவது அதற்குப் பிறகு.